டானியல் பார்த்த வேலை

படத்தில் டானியலின் கழுத்து கோட்டுக்குள் அடங்கவில்லை. வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டிக்கு மேலே இரு பக்கமும் தசை பிதுங்கி நின்றது. கோட்டு வேறு யாருடையதோ. டையும் வேறு யாருடையதோ. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காகச் சச்சிதானந்தன் மாஸ்ரர் அனுப்பியிருந்த மாதிரிப் பிரதியின் முதல் பக்கம் அது. ஷரோன் அதைக் கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தாள். தம்பியின் வலது தாடைக்குக் கீழே, கோட்டும் கழுத்தும் சேரும் இடத்தில், நூலளவு சிவப்பு மிஞ்சியிருந்தது. அவனுடைய அணிச் சட்டையின் சிவப்பு. மிச்சத்தையெல்லாம் வெட்டி எறிந்தவர்கள் அந்த நூலை மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தார்கள்.

இறந்தவருக்குக் கோட்டுப் போடுவது ஒஸ்லோத் தமிழரிடையே ஊறிப்போன வழக்கம். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாளும் கோட்டுத் தொடாதவர்கள்கூட நினைவு மலரில் கோட்டும் டையுமாகத்தான் சிரிப்பார்கள். ஷரோனும் அப்படி எத்தனையோ மலர்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. அவை வேறு வீட்டு மலர்கள்.

இரண்டாம் பக்கத்தில் வாழ்க்கை வரலாறு இருந்தது. "அமரர் டானியல் அவர்கள் ஹம்மர்பெஸ்ட் நகரில், பேசாலையைப் பூர்வீகமாகக் கொண்ட அருட்செல்வம், மேரியம்மா தம்பதியரின் கனிஷ்ட புதல்வராக அவதரித்தார். ஒஸ்லோவில் கல்வி பயின்று, ஜேர்மனியில் உயர்கல்வியை நிறைவு செய்து, பிரபல நிறுவனமொன்றில் பொறியியலாளராகக் கடமையாற்றினார்."

கடமையாற்றினாராம்! ஷரோன் உடனே மாஸ்ரருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மாஸ்ரர், உது என்ர தம்பி இல்லை."

"என்ன பிள்ளை, படம் வடிவாத்தானே வந்திருக்கு?"

"அந்தக் கோட்டு ஆற்றை?"

"அது கொம்பியூட்டரிலை போடுறது. எல்லாருக்கும் போடுறதுதானே. போன மாதம் உங்கட ஊர்ச் சம்மாட்டியார் ஒருத்தருக்கும் போட்டனாங்கள். சரியான எடுப்பு."

"எஞ்சினியர் எண்டும் கொம்பியூட்டரே போட்டது?"

மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். "அது உங்கட அப்பா சொன்னது. வீட்டுக்காரர் சொல்லுறதை நான் எழுதுறன். அவ்வளவுதான்."

"அவன் என்ன செய்தவன் எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"ஏன் தெரியாது? என்ர பேத்தி அவன் ஓடுற வீடியோவை எனக்கே காட்டினவள். ஒருத்தன்ர தலைக்கு மேலாலை பாய்ஞ்சல்லே போறான்! நானே 'ஐயோ' எண்டு கத்திப்போட்டன். ஆனா பிள்ளை, தெரிஞ்சிருக்கிறது ஒண்டு, புத்தகத்திலை அடிக்கிறது ஒண்டு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் ஷரோனைக் கொதிக்க வைத்தது. தெரியாமல் எழுதியிருந்தால் பிழை என்று சொல்லித் திருத்திவிடலாம். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே ஒரு ஊர் முழுவதும் சேர்ந்து, முப்பது வயதில் செத்துப்போன ஒருவனின் தலையை வெட்டி இன்னொருவனின் கோட்டில் ஒட்டியிருந்தது.

டானியல் பொறியியல் படிக்கவில்லை. பொறியியல் பீடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அவன் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினான். நீள்வட்டப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. அதில் அவன் ரன்னிங் பேக். முன்னால் நிற்கும் தடித்த ஐந்து பேர் எதிரணியை முட்டித் தள்ளி ஒரு சந்து திறப்பார்கள். பந்து இவன் வயிற்றில் வைக்கப்படும். கண் மூடித் திறப்பதற்குள் மூடிவிடப்போகிற அந்தச் சந்துக்குள் இவன் புகுந்து ஓட வேண்டும். எதிரணியின் பதினொரு பேரும் இவனைத்தான் விழுத்த வருவார்கள். விழுந்ததும் எழும்பி வந்து, திரும்பவும் வயிற்றைக் கொடுக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் இருபது தடவை, சில நாட்களில் முப்பது தடவை.

பதினைந்து வயதில், ஒஸ்லோவில் அவர்கள் குடியிருந்த அம்மருட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு கழகத்தில் சேர்ந்தான். பந்தைக் கைவிடாமல் பிடிப்பதற்குத்தான் முதல் பழக்கம். விரல் நுனி, உள்ளங்கை, முன்னங்கை, விலா என்று நாலு இடத்திலும் பந்து ஒட்டியிருக்க வேண்டும். கடைக்கு அனுப்பினால் பாணையும் அப்படியே நெஞ்சோடு இறுக்கிக்கொண்டுதான் வருவான். "பாணைக் கொண்டு வரச் சொன்னால் றொட்டி கொண்டு வாறான்" என்று மேரியம்மா பேசுவாள். நசுங்கிய பாணை அவன்தான் சாப்பிட்டு முடிப்பான்.

இருபத்தைந்தாவது வயதில் வட ஜேர்மனியில் ஒரு கழகம் அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. கழகமே வீடு கொடுத்தது. ஒஸ்லோவில் அவனுக்கு முன்னால் நின்று சந்து திறந்த ஸ்டைநார் என்ற நோர்வேஜியனும் அதே கழகத்துக்குப் போனான். ஐரோப்பாவில் இந்த ஆட்டத்தை விளையாடிச் சீவிக்கக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று, அம்மருட் தொடர்மாடியின் எட்டாம் மாடியிலிருந்து போன ஒரு பேசாலைப் பெடியனுக்குக் கிடைத்தது. வேறு எந்தச் சனமென்றாலும் கேக் வெட்டியிருக்கும்.

அந்தக் கோடையில்தான் ஷரோனின் கலியாணம். மண்டபத்தில் பாரிசிலிருந்து வந்திருந்த ஒரு உறவினர், சாப்பாட்டுத் தட்டோடு அருட்செல்வத்தை நெருங்கினார்.

"தம்பி ஜேர்மனிக்குப் போறாராம். என்ன செய்யிறார்?"

அருட்செல்வம் யோசிக்கவேயில்லை. "மெக்கானிக்கல். எஞ்சினியரிங்."

டானியல் பக்கத்தில்தான் நின்றான். ஒரு கணம் தகப்பனைப் பார்த்தான். பிறகு மணவறையில் இருந்த அக்காவைப் பார்த்தான். "ஓம் அங்கிள். மெக்கானிக்கல்" என்றான்.

ஷரோனுக்கு அது தெளிவாகக் கேட்டது. கூறைச் சேலையோடு இருந்தாள். படம் எடுப்பவன் சிரிக்கச் சொன்னான். அவள் சிரித்தாள். அந்தப் படம் இன்றைக்கும் அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இந்த ஒரு மாதமாக அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவளுக்குத் தன் சிரிப்பிலேயே அருவருப்பு வந்தது. பொய்க்கு முதல் சாட்சி அவள்தான்.

பிறகு அந்தப் பொய்க்குக் கையும் காலும் முளைத்தன. எஞ்சினியர் மாப்பிள்ளைக்கு இரண்டு சம்பந்தங்கள் வந்தன. இரண்டையும் டானியல் தட்டினான்.

"ஏன்ரா, பிள்ளை பிடிக்கேல்லையோ?" என்று ஷரோன் கேட்டாள்.

"பிள்ளை நல்ல பிள்ளை அக்கா. ஆனா அவ கட்ட வாறது எஞ்சினியரை. அவனை நான் எங்கை போய்த் தேடிப் பிடிக்கிறது?"

அவனுடைய மூன்றாவது பருவத்தில், சேலை வாங்கப் போவதாகத் தாயிடம் சொல்லிவிட்டு ஷரோன் ஜேர்மனிக்குப் போனாள். தம்பியின் ஆட்டம் பார்க்கப் போவதைச் சொல்லக்கூட ஒரு சேலை தேவைப்பட்டது. மைதானத்தில் எட்டாயிரம் பேர் இருந்திருப்பார்கள். அருட்செல்வம் என்ற பெயரை முதுகில் எழுதிக்கொண்டு மஞ்சள் தலைமயிர்க் குழந்தைகள் ஓடித் திரிந்தார்கள். ஒலிபெருக்கிக்காரன் அந்தப் பெயரைத் துண்டு துண்டாக உடைத்தாலும் முழுவதுமாகச் சொன்னான். டானியல் ஓடினான். விழுத்தினார்கள். எழும்பினான். மூன்றாம் கால்பகுதியில் சந்து திறந்தது. அவன் அதற்குள் புகுந்து, ஒருவனைத் தோளால் இடித்து, இன்னொருவன் கையை உதறி, மைதானத்தின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். தாண்டியதும் துள்ளவில்லை. திரும்பி வந்து, பின்னால் மூச்சிரைக்க வந்த ஸ்டைநாரின் கையில் பந்தை வைத்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டில் இருந்தபோது, அவனால் ரீசேட்டைக் கழற்றக் கையைத் தூக்க முடியவில்லை. ஷரோன்தான் இழுத்துக் கழற்றினாள். முதுகிலும் விலாவிலும் கத்தரிக்காய் நிறத்தில் கண்டல்கள். காலை ஆறு மணிக்கு எழும்புதல், நிறுத்துச் சாப்பிடுதல், எதிரணியின் வீடியோவை மணிக்கணக்கில் பார்த்து எழுதுதல், ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இருத்தல் என்று குளிர்பெட்டிக் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் ஒரு மனிதரை அவள் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

"எனக்குப் பக்கத்துக் கதிரை ஏன் சும்மா கிடந்தது?" என்று கேட்டாள்.

"வீட்டு ஆக்களுக்கெண்டு ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கதிரை தருவினம். ஒண்டு அம்மாவின்ர, ஒண்டு அப்பான்ர. நீ இண்டைக்கு இருந்தது அப்பான்ரையிலை. அதுதான் ஆட்டம் முழுக்க என்னை முறைச்சுக்கொண்டு இருந்தனி."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கும்போது அவனுக்கு விலா நொந்தது. ஒஸ்லோவுக்குத் திரும்பிய ஷரோன், வாங்காத சேலைக்குப் பதிலாக வீட்டிலிருந்த பழைய சேலை ஒன்றைக் காட்டினாள். கதிரைகளைப் பற்றித் தாயிடமோ தகப்பனிடமோ அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நாலாவது பருவத்தின் முடிவில் முழங்கால் தசைநார் அறுந்தது. கழகம் பூச்செண்டு கொடுத்து அனுப்பியது. ஒஸ்லோவுக்குத் திரும்பியவன் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் சப்பாத்து விற்றான். அருட்செல்வம் அதற்கும் வழி வைத்திருந்தார். ஜேர்மன் கொம்பனி மகனை வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டிருக்கிறதாம். கடையில் அவனைக் கண்டுவிட்டு வந்து கேட்டவர்களிடம், "அது சிநேகிதன்ர கடை, உதவிக்கு நிக்கிறவன்" என்றாள் மேரியம்மா. எட்டாயிரம் பேருக்கு முன்னால் ஓடியவன், தமிழ் முகம் ஒன்று தெரிந்தால் சப்பாத்துப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கினான். பதினொரு பேரால் விழுத்த முடியாதவனை இந்தச் சனம் ஒரு பார்வையால் ஒதுக்கி வைத்திருந்தது.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடைக்குப் போகும் வழியில், அம்மருட் நிலக்கீழ்த் தொடருந்து மேடையில் அவன் விழுந்தான். யாரும் பிடித்து விழுத்தவில்லை. தானாக விழுந்தான். எழும்பவில்லை.

ஷரோன் தொழிலால் மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும், தமிழருக்கும் நோர்வேஜியருக்கும் நடுவில் நின்று பேசுபவள். சொந்த வீட்டுக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது தொழிலின் விதி. அன்றைக்கு அவள் அந்த விதியை மீறினாள். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று பிறவியிலேயே பிழையான இடத்தில் இருந்திருக்கிறது என்றும், அது விளையாட்டால் வந்ததல்ல என்றும், யார் வீட்டிலும் இது தெரியாமல் இருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னதை, தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். தன் குரல் தடுமாறவில்லை என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அப்படியிருந்தும் செத்தவீட்டுக் குசினியில் தகப்பனின் மச்சாள் அருள்ராணி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "மாடு முட்டுற மாதிரி முட்டுப்பட்டு ஓடினால், நெஞ்சு என்னெண்டு தாங்கும்? அந்த விளையாட்டுத்தான் பிள்ளையைக் கொண்டு போனது."

"எந்த விளையாட்டு மாமி?" என்றாள் ஷரோன்.

அருள்ராணி திரும்பிப் பார்த்தாள்.

"அவன் எஞ்சினியர் எல்லே? போன கிறிஸ்மசுக்குக்கூட நீங்கள்தானே உங்கட தமக்கையின்ர பிள்ளைக்குக் கேட்டனீங்கள்? எஞ்சினியர்மார் ஆரோடை மாமி முட்டுப்படுறவை?"

அருள்ராணி தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உயிரோடு இருந்தவரைக்கும் அந்த ஆட்டம் இல்லை. செத்தவுடன் குற்றம் சுமத்துவதற்கு மட்டும் அது முளைத்துவிட்டது. ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவர்களுக்கு அது எப்படிக் கொன்றது என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

மாதிரிப் பிரதி வந்த அன்று பின்னேரமே ஷரோன் அம்மருட் வீட்டுக்குப் போனாள். அருட்செல்வம் ஜன்னலோரம் இருந்தார். மேரியம்மா குசினியில் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"அப்பா, மலரிலை உள்ளதை உள்ளபடி போடுவம்."

"என்னத்தைப் போடுறது? உருண்டு பிரண்டவன் எண்டோ?"

"அது அவன்ர தொழில் அப்பா. சம்பளத்துக்குச் செய்தவன். ஜேர்மன்காரன் ஒப்பந்தம் எழுதி எடுத்தவன்."

அருட்செல்வம் இரண்டு கைகளையும் நீட்டினார். நோர்வேயின் வடக்கு முனையில், ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் மீன் வெட்டிய கைகள். இடது கைப் பெருவிரலின் நுனி இல்லை. "இதைப் பார். என்ர அப்பரும் உடம்பாலைதான் உழைச்சவர். நானும் உடம்பாலைதான். உடம்பைக் குடுத்துச் சாப்பிடுறது என்னோடை முடியட்டும் எண்டுதான் அந்தக் குளிருக்குள்ளை நிண்டனான். அவன் திரும்பவும் உடம்பையே கொண்டுபோய் வித்தான். அதை நான் புத்தகத்திலை அடிச்சுக் குடுக்கோணுமோ?"

அந்தக் கைகளைப் பார்த்து ஷரோன் ஒரு நொடி இளகினாள். அந்த நொடிக்காக அவளுக்கு உடனே தன் மேலேயே கோபம் வந்தது. இந்தக் கைகளைக் காட்டித்தான் இந்த வீட்டில் எல்லோருடைய வாயும் அடைக்கப்பட்டிருக்கிறது.

"உங்கட கையைப் பற்றி அவன் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை அப்பா. அப்பா மீன் வெட்டினவர் எண்டு ஜேர்மன் பேப்பருக்கே சொன்னவன். நீங்கள்தான் அவன்ர காலைப் பற்றிச் சொல்ல வெக்கப்பட்டனீங்கள்."

"மலர் அப்பிடியே போகட்டும். கதை முடிஞ்சுது."

குசினிக்குள் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேரியம்மா எதையும் கழுவவில்லை.

மலர் அப்படியே அச்சாகியது. முன்னூறு பிரதிகள். சிவப்பு நூலை மட்டும் யாரோ கவனித்து அழித்திருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, எல்லோரும் தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் கூடினார்கள். வாசலோரம் மேசையில் மலர்கள் அடுக்கியிருந்தன. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துப்போவது முறை. ஸ்டைநாரும் பழைய அணிக்காரர் ஆறு பேரும் வந்திருந்தார்கள். எல்லோரும் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார்கள். ஒருவனுடைய கழுத்தும் அதற்குள் அடங்கவில்லை. கடைசி வரிசையில், சிறிய பிளாஸ்டிக் கதிரைகளில், மூச்சு விடவும் பயந்தவர்கள்போல இருந்தார்கள்.

இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஸ்டைநார் முன்பே ஷரோனிடம் கேட்டிருந்தான். நிகழ்ச்சி நிரலில் "நண்பர் ஒருவரின் இரங்கல்" என்று மாஸ்ரர் போட்டிருந்தார். அதைத் தமிழில் சொல்ல ஷரோன்தான் போவதாக இருந்தது. ஆனால் ஸ்டைநார் ஒலிவாங்கிக்கு வந்ததும் அருட்செல்வம் எழும்பிவிட்டார்.

"நீ இரு. நான் சொல்லுறன்" என்றார் மகளிடம். மருத்துவரின் மொழிதான் அவருக்குப் பிடிபடாது; பேச்சு நோர்வேஜியன் மீன் தொழிற்சாலையிலேயே பழகியிருந்தது.

ஸ்டைநார் நோர்வேஜிய மொழியில் தன் பெயரைச் சொன்னான். டானியலுடன் இங்கேயும் ஜேர்மனியிலுமாகப் பதினொரு வருடம் விளையாடியதாகவும், முன்னால் நின்று பாதை திறப்பது தன் வேலை, அதில் ஓடுவது டானியலின் வேலை என்றும் சொன்னான். சொல்லிவிட்டு மரியாதையாகக் காத்து நின்றான்.

அருட்செல்வம் தமிழில் சொன்னார்: "இவர் ஸ்டைநார். தம்பியோடை பதினொரு வருஷம் ஒண்டாப் படிச்சு, ஒண்டா வேலை செய்தவராம்."

மண்டபத்தில் நாற்பது வயதுக்குக் கீழே இருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள். அருட்செல்வம் பொய்யை அவர்கள் கண்ணெதிரே உரித்து வைத்திருந்தார். அவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஸ்டைநார் தொடர்ந்தான். கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு தடவையும் டானியல் பந்தைக் கொண்டுவந்து தன் கையில் தந்தான் என்றான். பாதை திறப்பவனின் பெயரை யாரும் எழுதுவதில்லை, பத்திரிகைக்காரர் கேட்கும்போதெல்லாம் அவன் எங்கள் ஐந்து பேருடைய பெயரையும் வரிசையாகச் சொல்லுவான் என்றான்.

"நல்ல பழக்கமான பிள்ளையாம். எல்லாருக்கும் உதவி செய்யிறவராம்."

பின் வரிசையில் ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்டைநார் இப்போது அருட்செல்வத்தைப் பார்த்தே பேசினான். கழகம் ஒவ்வொருவருக்கும் குடும்பத்துக்கென்று இரண்டு கதிரை கொடுத்தது. நாங்கள் டானியலிடம் அவனுடையதைக் கேட்டுக் கெஞ்சாத வாரமில்லை. நாலு வருடமும் அவன் கொடுக்கவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை, ஒரு நாள் வருவார்கள் என்று சொல்லுவான். அவனுடைய அக்கா வந்த ஒரு நாளைத் தவிர, அவை வெறுமையாகத்தான் இருந்தன. இன்றைக்குத்தான் உங்களைக் காண்கிறேன்.

அருட்செல்வம் ஒலிவாங்கியை இன்னும் கிட்ட இழுத்தார். இப்போதாவது உள்ளதைச் சொல்லுவார் என்று ஷரோன் நினைத்தாள்.

"ஒபிசிலை," என்றார் அருட்செல்வம், "இவருக்கும் தம்பிக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையாம்."

தமிழ் தெரியாத ஸ்டைநார், தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி, நன்றியோடு தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைத்தான் ஷரோனால் பொறுக்க முடியவில்லை. அவள் எழும்பி நேராக முன்னுக்கு வந்தாள்.

"அப்பா, தள்ளுங்கோ."

"பிள்ளை, சனத்துக்கு முன்னாலை—"

"சனத்துக்கு முன்னாலைதான். தள்ளுங்கோ."

மொழிபெயர்ப்பாளர் "அவர் சொல்கிறார்" என்று சொல்வதில்லை. பேசுபவர் "நான்" என்றால் அவளும் "நான்" என்றே சொல்ல வேண்டும். ஷரோன் ஒலிவாங்கியைப் பிடித்து, ஸ்டைநாரிடம் முதலிலிருந்து சொல்லும்படி கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள்.

"நான் ஸ்டைநார். டானியலோடை பதினொரு வருஷம் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினனான். முன்னாலை நிண்டு பாதை திறக்கிறது என்ர வேலை. ஓடுறது டானியலின்ர வேலை. அந்த வேலையை அவனை மாதிரிச் செய்தவனை நான் காணேல்லை."

பந்தைக் கையில் தந்ததைச் சொன்னாள். ஐந்து பெயர்களையும் அவன் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னாள். கதிரைகளுக்கு வந்தபோது அவள் குரல் உயர்ந்தது. "நாலு வருஷம் அந்த ரெண்டு கதிரையும் சும்மா கிடந்தது. ஒரு நாள் மட்டும் அவன்ர அக்கா வந்தவ." ஒரு சொல்லையும் கூட்டவில்லை. அக்கா வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதைச் சேர்க்க நாக்கு துடித்தது. தொழிலின் விதி அதைத் தடுத்தது.

அருட்செல்வம் சுவரில் தொங்கிய தன் குளிர்ச் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை.

முன் வரிசையிலிருந்து மேரியம்மா எழும்பி வந்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் பேசியதை விரல் விட்டு எண்ணலாம்.

"இவரிட்டைக் கேள் பிள்ளை. தம்பி ஓடினது ஏதும் வைச்சிருக்கிறாரோ எண்டு."

ஸ்டைநார் கைத்தொலைபேசியை எடுத்து அவள் முன்னால் பிடித்தான். அவ்வளவு பெரிய உடம்பை அவள் உயரத்துக்கு மடக்கிக்கொண்டு நின்றான். திரையில் ஒரு சிவப்புச் சட்டை ஓடியது. நாலு பேர் பாய்ந்து அதன்மேல் விழுந்தார்கள். குவியலுக்கு அடியிலிருந்து அது எழும்பியது. திரும்ப ஓடியது. திரும்ப விழுத்தினார்கள். மேரியம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை.

"ஏன் எல்லாரும் என்ர பிள்ளையையே பிடிச்சு விழுத்துகினம்?"

"பந்து அவனிட்டைத்தான் குடுப்பினம் அம்மா. அதுதான் அவன்ர வேலை."

"வேலையோ?"

"ஓம் அம்மா. வேலை."

மேரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலோர மேசைக்குப் போனாள். அங்கே அருள்ராணி ஒரு மலரைக் கையில் எடுத்திருந்தாள். மேரியம்மா அதைக் கையிலிருந்து வாங்கி அடுக்கின் மேல் வைத்தாள். மலர்களை அடுக்கடுக்காகத் தூக்கி, மேசைக்குக் கீழே இருந்த பெட்டிக்குள் போட்டாள். மாஸ்ரர் ஓடி வந்தார்.

"தங்கச்சி, என்ன இது? சனம் வெறுங்கையோடை போறதே?"

"இது பிழை மாஸ்ரர். திருத்தி அடியுங்கோ. படமும் பிழை. அந்தச் சிவப்புச் சட்டையோடை இருக்கிற படத்தைப் போடுங்கோ." பிறகு, பின்னால் நின்ற சனத்தைப் பார்த்து, சாப்பிட வாங்கோ என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள்: "ஆரும் எடுக்க வேண்டாம். விலாசத்தை எழுதி வைச்சிட்டுப் போங்கோ. தபாலிலை அனுப்புறம்."

சனம் வரிசையில் நின்று விலாசம் எழுதியது. இவ்வளவு காலமும் எஞ்சினியர் என்று தலையாட்டிய அதே சனம்தான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களுக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லையே.

ஷரோன் பெட்டியின் மூடியை மடித்து ஒட்டினாள். அவளுடைய கோபம் ஒரு துளியும் குறையவில்லை. திரையைப் பார்த்து, 'வேலையோ?' என்று அம்மா கேட்க எத்தனை நிமிடம் எடுத்தது? மூன்று நிமிடம் இருக்குமா? அந்த மூன்று நிமிடத்துக்காக அவன் நாலு வருடம் இரண்டு கதிரைகளை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தான். ஒஸ்லோவிலிருந்து அந்த ஊருக்கு விமானத்தில் இரண்டு மணித்தியாலம்கூட ஆகாது.

அவள் பெட்டியைத் தூக்கினாள். பாரமாக இருந்தது. ஸ்டைநார் வாங்க வந்தான். அவள் கொடுக்கவில்லை. நெஞ்சோடு இறுக்கி, விரல்களை அடியில் கொடுத்து, விலாவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.